விரைந்த வழியும் தாமதித்த விடையும்

யாழ்ப்பாணத்தைச் சூழ்ந்த தீவுக் கூட்டத்திலே எழுவைதீவு மிகச் சிறியவற்றுள் ஒன்று. யாழ்ப்பாண நகரிலிருந்து அங்கு செல்வோர் பண்ணைப் பாலத்தைக் கடந்து, வேலணை வழியாக ஊர்காவற்றுறையை அடைந்து, அங்கிருந்து படகேறுதல் வேண்டும். தரைவழி எத்துணைச் செப்பமாயிருப்பினும், வாகனம் எத்துணை விரைந்து ஓடினும், இறங்குதுறையில் படகு புறப்படும் நேரம் வரும்வரை பயணி காத்திருத்தலே விதி. வீதியை இருமடங்கு அகலமாக்கினால் வாகனங்கள் மிகுதியாக வந்து சேரும். படகு முந்திப் புறப்பட்டுவிடாது. இவ்வுண்மையைத் தீவக மக்களுக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும் இதே உண்மை வேறோர் உருவத்தில் இன்று அவர்களுடைய வீட்டுக்குள்ளேயே வந்து நிற்கின்றது.

இணையத் தொடர்பு தீவுகளுக்கும் வந்துவிட்ட காலம் இது. 2010களில், ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு, காற்றும் சூரிய ஒளியும் மின்கலமும் டீசலும் கலந்த மின்வழங்கல் முறை எழுவைதீவில் அமைக்கப்பட்டது. மின்சாரம் சீராகக் கிடைக்கும் இடத்திலே வீட்டு இணைப்புக் கருவியும் இடம்பெறுதல் இயல்பு. பரீட்சைப் பெறுபேற்றை அறியவும், பல்கலைக்கழக விண்ணப்பத்தை அனுப்பவும், வெளிநாட்டிலுள்ள பிள்ளை அனுப்பிய பணம் வங்கிக்கு வந்ததோ எனப் பார்க்கவும் படகேறிப் பட்டினம் போகவேண்டிய தேவை இதனாற் குறைகின்றது. ஆதலின் இவ்விணைப்பின் தாமதம் பொழுதுபோக்கைப் பற்றிய சிறு குறையன்று. விண்ணப்பத்தின் இறுதி நாளில் பக்கம் திறவாது நின்றால், ஒரு மாணவனின் ஓராண்டு வீணாகலாம்.

இங்கேதான் புதிரொன்று எழுகின்றது. வேகத்தை அளக்கும் கருவி, செக்கனுக்கு 100 மெகாபிட் வருவதாகக் காட்டுகின்றது. ஆயினும் வலைத்தளமொன்றைத் திறந்தால், வெண்மையான திரையே நெடுநேரம் நிற்கின்றது. வீட்டார் இணைப்பு மெலிந்தது எனக் கருதி, மேலும் விலையுயர்ந்த திட்டமொன்றுக்கு மாறுகின்றனர். மாதக் கட்டணம் ஏறுகின்றது. தாமதமோ முன்போலவே இருக்கின்றது. வேகம் இருந்தும் விரைவு இல்லாமை ஏன்? இக்கேள்வி இணையத்தோடு பிறந்ததன்று. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு.

கொழும்பையும் காலியையும் தந்திக் கம்பி இணைத்த 1858ஆம் ஆண்டிலேயே, அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் அயர்லாந்திலிருந்து நியூபவுண்ட்லாந்து வரை முதலாவது கடற்றந்தி வடமும் இடப்பட்டது. மின்சாரம் கண்ணிமைப்பொழுதிற் செல்லும் என்று உலகம் வியந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் 16ஆந் திகதி விக்ரோறியா மகாராணியார் அமெரிக்க சனாதிபதிக்கு அனுப்பிய செய்தி நூறு சொற்களுக்கும் உட்பட்டது. அதனை அனுப்பி முடிக்க ஏறத்தாழ 16 மணித்தியாலம் சென்றது. மின்சாரம் விரைவானதே, ஆயினும் நீண்ட வடத்திலே ஒவ்வொரு குறியும் பரந்து மங்கி, அடுத்த குறியோடு கலந்துவிட்டது. முன்னைய குறி அடங்கும்வரை அடுத்ததை அனுப்ப இயலவில்லை.

அத்தந்திக்குப் பொறுப்பாயிருந்த வைற்ஹவுஸ் என்பவர், குறி மங்குவதைக் கண்டு, இன்னும் வலிய மின்சாரத்தைச் செலுத்தினால் செய்தி தெளிவடையும் என நம்பினார். ஏறத்தாழ 2,000 வோல்ற்று அழுத்தம் அவ்வடத்திற் செலுத்தப்பட்டது. சில வாரங்களுக்குள் வடம் முற்றாகப் பழுதடைந்தது. வில்லியம் தொம்சன் என்னும் பௌதிக அறிஞரோ, வடம் நீள நீளத் தாமதம் நீளத்தின் வர்க்கத்துக்கேற்பப் பெருகும் என்பதைக் கணிதத்தால் முன்னரே காட்டியிருந்தார். வலிமை கூட்டுதல் மருந்தன்று. செப்பமான வடமும் மெல்லிய குறியையும் உணரவல்ல கருவியுமே மருந்து என்பது அவருடைய முடிபு. அவ்வழியைப் பின்பற்றியே 1866ஆம் ஆண்டில் நிலைத்த வடமொன்று இடப்பட்டது. நோயின் காரணத்தை அறியாது மருந்தின் அளவை மட்டும் கூட்டியவர் பெரும் பொருளைக் கடலில் இழந்தார். இன்று திட்டத்தை மாற்றி மாற்றிப் பணமிழப்போர் செய்வதும் அதுவேயாகும்.

இணையத்தின் விரைவு என நாம் வழங்குவதில் இரு பொருள்கள் மயங்கிக் கிடக்கின்றன. ஒரு செக்கனில் எவ்வளவு செய்தி செல்லும் என்பது ஒன்று, அது கொள்ளளவு. ஒரு கேள்வி போய் விடை மீண்டுவர எவ்வளவு நேரம் செல்லும் என்பது மற்றொன்று. அது போக்குவரவுத் தாமதம். விளம்பரங்களில் எழுதப்படுவது முன்னையது. பக்கம் திறக்கும்போது மனிதன் உணர்வது பெரும்பாலும் பின்னையது.

பின்னையதற்கு இயற்கையே ஓர் எல்லை வகுத்துள்ளது. கண்ணாடி இழையினூடே ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து ரொறன்ரோ வரை, பூமியின் வளைவை ஒட்டி அளந்தால், ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். போய்வர 28,000; ஆகவே ஒளிக்கே 140 மில்லிசெக்கன் வேண்டும். வடங்கள் நேர்கோட்டிற் செல்லாமையாலும், இடையிலே பல நிலையங்கள் இருத்தலாலும், உண்மையில் அது கால் செக்கனை எட்டுதல் இயல்பு. எந்தக் கட்டணத்தைச் செலுத்தினும் ஒளியின் வேகம் கூடாது.

இலங்கையை உலகோடு இணைப்பவை பெரும்பாலும் கடலடி வடங்களே. நாட்டில் வணிக முறையிலான இணையச் சேவை 1995ஆம் ஆண்டிலே தொடங்கியது. யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும் அந்நாளில் யுத்தத்தினாலே தொடர்பறுந்து கிடந்தன. 2004ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் கொழும்புக்கு அணித்தே கப்பலொன்றின் நங்கூரம் வடத்தைச் சேதப்படுத்த, நாடு முழுவதிலும் இணையமும் வெளிநாட்டுத் தொலைபேசியும் தடைப்பட்டன. ஒரே வழியை நம்புதலின் கேட்டை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. 2005இல் தென்கிழக்காசியா, மத்திய கிழக்கு, மேற்கு ஐரோப்பா என்பவற்றை இணைக்கும் நான்காம் வடமும், 2006இல் கல்கிசையையும் தூத்துக்குடியையும் இணைக்கும் பாரத இலங்கை வடமும் வந்து சேர்ந்தன. எனினும் 2008ஆம் ஆண்டு ஜனவரி 30இல் எகிப்துக் கடற்கரையருகே வடங்கள் அறுந்தபோது தென்னாசிய நாடுகள் பலவற்றிலும் தாமதம் பெருகியது. செய்திகள் வேறு நெடுவழிகளைச் சுற்றிவந்தமையே அதற்குக் காரணம்.

தூரத்தின் தாமதம் ஒருபுறமிருக்க, நெரிசலின் தாமதமும் உண்டு. இணையத்திலே செய்திகள் சிறு சிறு பொதிகளாகப் பிரித்து அனுப்பப்படும். வழியில் இடமில்லையெனிற் பொதி கைவிடப்படும். அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். எல்லோரும் ஒருங்கே மீண்டும் மீண்டும் அனுப்பத் தொடங்கினால், வழி பழைய பொதிகளாலேயே நிறைந்து, பயன் குன்றிப்போம். இவ்வாபத்தை 1984ஆம் ஆண்டிலேயே ஜோன் நேகிள் என்பார் எச்சரித்து எழுதினார். 1986 ஒக்டோபரில் அது நிகழ்ந்தும் விட்டது. கலிபோர்ணியாவிலே லோறன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் பேர்க்லிப் பல்கலைக்கழகத்துக்கும் இடைத்தூரம் 400 யார் மாத்திரமே. அவ்வழியிலே செக்கனுக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த செய்தி 40 பிட் ஆகச் சுருங்கிற்று. வழி அறுபடவில்லை, கருவியும் பழுதாகவில்லை. ஒழுங்கின்மையே வழியை அடைத்தது.

வான் ஜேக்கப்சன் என்பவரும் மைக்கல் கறல்ஸ் என்பவரும் இதனை ஆராய்ந்து ஒழுங்கொன்றை வகுத்தனர். 1988ஆம் ஆண்டிலே அது வெளியிடப்பட்டது. அனுப்புவோர் முதலிற் சில பொதிகளையே அனுப்புதல் வேண்டும். அவை சேர்ந்தன என்னும் விடை வந்தபின் தொகையை இருமடங்காக்கலாம். இழப்பு நேர்ந்தாற் குறைத்துக்கொள்ளல் வேண்டும். ஆழமறியாத நீரிலே அடிமேல் அடிவைத்துச் செல்பவனுடைய முறை இது. இவ்வொழுங்கே இணையத்தைக் காத்தது. ஆயினும் இதற்கொரு விலையுண்டு. இந்நாளில் முதலில் அனுப்பப்படுவன வழக்கமாகப் பத்துப் பொதிகள். அடுத்த முறை 20, பின்பு 40, பின்பு 80. நான்கு போக்குவரவுகளில் 150 பொதிகள். அஃதாவது ஏறத்தாழ 2,20,000 பைற்று. ஒரு போக்குவரவுக்குக் கால் செக்கன் எனின், இதற்கு ஒரு செக்கன் செல்லும். தொடர்பை ஏற்படுத்தவும் மறைகுறியை இணங்கிக்கொள்ளவும் முன்னரே இரண்டு போக்குவரவுகள் கழிந்திருக்கும். ஆக, மொத்தம் ஒன்றரைச் செக்கன். 100 மெகாபிட் வழி அவ்வளவு செய்தியையும் ஐம்பதில் ஒரு பங்குச் செக்கனுக்குள் ஏற்றுச்செல்ல வல்லது. எஞ்சிய நேரமெல்லாம் வழி வெறுமையாய்க் கிடக்க, இருபுறத்தாரும் ஒருவர் விடைக்காக ஒருவர் காத்திருக்கின்றனர்.

இதனை அளந்து காட்டியவர் மைக் பெல்ஷி. 2010ஆம் ஆண்டிலே அவர் செய்த சோதனையில், வழியின் கொள்ளளவு 5 மெகாபிட்டிலிருந்து 10 ஆக உயர்ந்தபோது பக்கம் திறக்கும் நேரம் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கே குறைந்தது. தாமதத்தைக் குறைத்தபோதோ, குறைத்த ஒவ்வொரு படியிலும் பயன் தெரிந்தது. வேகத்தை அளக்கும் கருவி இதனைக் காட்டாமைக்குக் காரணமும் உண்டு. அது அணித்தேயுள்ள நிலையத்தோடு, பல தொடர்புகளை ஒருங்கே திறந்து, நெடுநேரம் அளக்கின்றது. வலைப்பக்கமோ தொலைவிலுள்ள பல நிலையங்களோடு சிறுசிறு உரையாடல்களை நிகழ்த்துகின்றது.

மூன்றாவது தாமதம் பெயரிலே பிறக்கின்றது. மனிதன் தளத்தின் பெயரை எழுதுகிறான்; இயந்திரத்துக்கு வேண்டுவது எண்முகவரி. ஒரு காலத்திலே உலகின் பெயர்கள் அனைத்தும் ஒரே பட்டியலிற் பேணப்பட்டன. பட்டியல் பெருகவே, 1983ஆம் ஆண்டிலே போல் மொக்கபெட்ரிஸ் என்பவர் பொறுப்பைப் பலரிடையே பகிரும் பெயர்முறையை வகுத்தார். பெயரை விசாரித்துச் சொல்லும் நிலையம் மந்தமாயின், வழி எத்துணை விரிந்ததாயினும் பயனில்லை. முகவரி தெரியாத கடிதம் தபாற்கந்தோரிலே கிடப்பதற்கு ஒப்பாகும். ஒரு பக்கத்தைத் திறக்கப் பத்திருபது பெயர்களை விசாரிக்க நேர்வதுமுண்டு.

தூரத்தை வெல்ல இயலாதெனிற் பொருளை அருகே கொணர்ந்து வைக்கலாம். காற்று மிகுந்து படகு ஓடாத நாட்களுக்கென அரிசியையும் மாவையும் முன்னரே சேர்த்துவைத்தல் தீவக மக்களின் பழைய விவேகம். இதே விவேகத்தால், 1998ஆம் ஆண்டிலே ரொம் லெய்ட்டன், டானியல் லெவின் என்போர் அகாமாய் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, வலைப்பக்கங்களின் பிரதிகளைப் பல ஊர்களிலும் வைக்கும் முறையை வளர்த்தனர். பெரிய தளங்கள் விரைந்து திறப்பதும், பிரதியில்லாத சிறிய தளங்கள் தாமதிப்பதும் இதனாலேயே. இங்கு நுட்பமொன்றுண்டு. எந்தப் பிரதி அணித்து என்பது பெரும்பாலும் பெயர் விசாரிக்கும் நிலையம் இருக்கும் இடத்தைக்கொண்டே தீர்மானிக்கப்படுகின்றது. ஆதலின், நண்பர் சொன்னார் என்பதற்காகத் தொலைவிலுள்ள பெயர்நிலையத்தை அமைத்துக்கொண்டவர், அயலிலுள்ள பிரதியை விட்டு அந்நிய நாட்டுப் பிரதியைப் பெறவுங் கூடும். மாற்றியபின் அளந்து பாராத மாற்றம் மருந்தாகாது.

நான்காவது காரணம் வீட்டுக்குள்ளேயே மறைந்திருந்தது. 2010ஆம் ஆண்டிலே ஜிம் கெற்றிஸ் என்னும் கணினி அறிஞர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்பொன்றை அனுப்பும்போதெல்லாம் ஏனைய தளங்கள் திறவாமல் நிற்பதைக் கண்டார். பிள்ளைகள் இணையம் மந்தமென்று முறையிட்டபோது அவரும் முன்பு விளங்காதிருந்தவரே. ஆராய்ந்தபோது, இணைப்புக் கருவியிலுள்ள தேக்கம் அளவுக்கு மீறிப் பெரிதாயிருத்தலே காரணம் எனத் தெரிந்தது. நினைவகம் மலிந்தமையால், ஒரு பொதியையும் இழக்கலாகாது என்னும் நல்லெண்ணத்தோடு கருவி செய்வோர் தேக்கத்தைப் பெருக்கியிருந்தனர். 2,50,000 பைற்றுத் தேக்கம் நிறைந்திருக்க, மேற்செல்லும் வழி செக்கனுக்கு 10 இலட்சம் பிட் ஆயின், பின்னே வரும் சிறு கேள்வியொன்று இரண்டு செக்கன் வரிசையில் நிற்கவேண்டும். பொதி இழக்கப்படாமையால், ஜேக்கப்சன் வகுத்த ஒழுங்குக்கு எச்சரிக்கையும் எட்டவில்லை.

இதற்கு 2012ஆம் ஆண்டிலே கத்லீன் நிக்கல்ஸ் என்பவரும் அதே வான் ஜேக்கப்சனும் தீர்வு கண்டனர். தேக்கத்தின் அளவைப் பாராது, ஒவ்வொரு பொதியும் காத்திருந்த நேரத்தைப் பார்த்து, காத்திருப்பு நீடித்தாற் சில பொதிகளை வேண்டுமென்றே கைவிடுவது அம்முறை. அதனோடு, பெரிய கோப்பையும் சிறு கேள்வியையும் வேறு வேறு வரிசைகளில் நிறுத்தும் முறையும் சேர்ந்தது. இன்றைய இணைப்புக் கருவிகள் சிலவற்றில் இவ்வசதி உண்டு. அதனைத் தொடக்கிவிடுதலே தேவை.

எஞ்சியவை அரியனவாயினும் அறியத்தக்கவை. பொதியின் பருமனுக்கு வழக்கமான உச்சம் 1,500 பைற்று. சில இணைப்பு முறைகளிலே 1,492 பைற்றே செல்லும். பெரிய பொதி செல்லாதபோது இடையிலுள்ள நிலையம் அதனை அறிவித்தல் வேண்டும் என்பது 1990இல் வகுக்கப்பட்ட முறை. பாதுகாப்பென்று கருதிச் சிலர் அவ்வறிவிப்பை மறித்துவிடுவதால், சிறு பொதிகள் போய்ச்சேர, பெரியவை ஒலியின்றி மறைகின்றன. தளம் தொடர்பு கொண்டதுபோற் காட்டி, பின்பு உறைந்து நிற்பது இதன் அடையாளம். இன்னும், பழைய முகவரி முறையும் புதிய முகவரி முறையும் இணையத்தில் ஒருங்கே வழங்குகின்றன. புதிய வழி பழுதாயிருப்பின், அது தோற்கும்வரை காத்திருந்து பின்னரே பழைய வழியைக் கணினி நாடிய காலமுண்டு. இரண்டையும் சிறு இடைவெளியில் முயன்று, முந்தியதைக் கைக்கொள்ளும் முறை 2012இல் வகுக்கப்பட்டது.

இவ்வரலாற்றிலிருந்து இல்லத்தார்க்கு விசாரணை முறையொன்று கிடைக்கின்றது. முதலில், எல்லாத் தளங்களும் தாமதிக்கின்றனவா, ஒன்று மாத்திரமா என்று காண்க. ஒன்று மாத்திரமெனில், குறை அத்தளத்திலோ அதற்குரிய வழியிலோ இருக்கலாம். அடுத்து, கணினியைக் கம்பியாற் கருவியோடு நேரே தொடுத்துப் பார்க்க. அப்போது விரைந்தால், தடித்த சுவர்களுக்கிடையே மங்கிய வானொலி அலையே குற்றவாளி. கருவியை இடம் மாற்றினாற் போதும். பின்பு, வீட்டிலே ஒருவரும் பயன்படுத்தாத வேளையிலும், படமோ கோப்போ சென்றுகொண்டிருக்கும் வேளையிலும் போக்குவரவுத் தாமதத்தை அளந்து ஒப்பிடுக. பின்னையது பன்மடங்காயின் தேக்கமே நோய். இரண்டும் ஒத்திருப்பின் பெயர்நிலையத்தைச் சோதிக்க; அதன்பின் பொதியின் பருமனையும் முகவரி முறையையும் பார்க்க. ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றி, மாற்றியதைக் குறித்துவைத்தல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றியவர், எது குணப்படுத்தியது என்பதை ஒருபோதும் அறியார். இவையெல்லாம் செய்தபின்னரும் குறை தீராவிடிற் சேவை வழங்குவோரிடம் முறையிடலாம். திகதியும் நேரமும் அளவும் எழுதிய தாளோடு முறையிடுபவனை எளிதில் திருப்பி அனுப்பிவிட முடியாது.

வடம் எட்டாத தீவுகளுக்கு வானிலிருந்தும் வழி வந்துள்ளது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிகள் வழியாகக் கேள்வி போய் விடை வர ஏறத்தாழ அரைச் செக்கன் வேண்டும். 550 கிலோமீற்றர் அளவான உயரத்திற் சுழலும் சிறு செய்மதிகளுக்கு அதில் மிகச் சிறு பங்கே போதும். அவ்வகையினதான ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் இலங்கையிலே தொடங்கியது. இரண்டும் வானத்திலிருந்தே வருவன. இரண்டும் விரைந்த வழியென விளம்பரப்படுத்தத்தக்கன. ஆயினும் அவற்றை வேறுபடுத்துவது கொள்ளளவன்று, காத்திருப்பே.

1858இல் வைற்ஹவுஸ் வலிமையை நம்பினார். தொம்சன் காரணத்தைத் தேடினார். 1986இல் வழியை அகலமாக்குக என்று சொல்லியிருத்தல் எளிது. ஜேக்கப்சன் ஒழுங்கைச் சீர்செய்தார். கெற்றிஸ் தம் வீட்டுக் கருவியையே ஐயுற்றார். தாமதம் எங்கே பிறக்கிறது என்று கேட்டவர்களே ஒவ்வொரு முறையும் அதனை வென்றனர். ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நிற்பவன், வாகனத்தின் வேகத்தைக் குறைகூறான். படகு எப்போது புறப்படும் என்றே கேட்பான். எழுவைதீவில் தன் விண்ணப்பத்தை அனுப்பக் காத்திருக்கும் மாணவனும் கேட்கவேண்டிய முதற் கேள்வி அதுவே. அதற்கு விடை கண்டபின், பணத்தைச் செலவிடவேண்டுமா, கருவியை ஓரடி நகர்த்தினாற் போதுமா என்பதை அவன் தானே தீர்மானித்துக்கொள்வான்.